திருடன் போட்ட இரண்டாவது பூட்டு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை நான் நானாக இல்லை.

உங்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கும். 'ஒரு சின்ன உதவி... உங்க நம்பருக்கு ஆறு இலக்கத்துல ஒரு எண் வரும், அதை எனக்கு அனுப்ப முடியுமா?' என்று ஒரு மெசேஜ் வந்திருக்கும். என் பெயர். என் போட்டோ. ஆனால் நான் இல்லை.

அனுப்பாதவர்களுக்கு நன்றி. அனுப்பியவர்கள் நான்கு பேர். அவர்களில் மூன்று பேருக்கு அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது. நான்காவது ஆளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

அதற்கு முன் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். யாராவது கமென்டில் கேட்பதற்கு முன்னால் நானே சொல்வது கௌரவம்.

அம்பத்தூரில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டுவிட்டு, "நல்லா மரத்துப் போகட்டும், பத்து நிமிஷம் வெளியே உட்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் நாம் என்ன செய்வோம்? போனை எடுப்போம். எடுத்தேன்.

பழைய அலுவலகத் தோழி ஒருத்தியிடமிருந்து மெசேஜ். ஏதோ சமையல் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாளாம். ஓட்டுப் போட வேண்டுமாம். எனக்கு ஒரு எண் வருமாம், அதை அனுப்பினால் போதுமாம். வந்தது. அனுப்பினேன்.

வாய் மட்டும்தான் மரத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோழியின் கணக்கு முந்தின நாளே பறிபோயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அனுப்பிவைத்தது ஓட்டுக்கான எண்ணும் இல்லை. என் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான எண். நானே என் வீட்டுச் சாவியை ஜன்னல் வழியாக நீட்டியிருக்கிறேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாங்களெல்லாம் படம் போட்டு மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் அந்த ஆப் என்னை எச்சரிக்காமல் இல்லை. 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்கிறீர்களா?' என்று மாதம் ஒரு முறையாவது கேட்கும். கீழே 'பிறகு' என்று ஒரு பட்டன் இருக்கும். வாழ்க்கையில் அந்தப் பட்டனை அமுக்கியதுபோல் வேறு எதையும் நான் அமுக்கியதில்லை.

விஷயம் எளிது. பாஸ்வேர்ட் மட்டும் தெரிந்தால் போதாது என்று ஆக்கிவிடுவது. புது போனிலிருந்து யார் நுழையப் பார்த்தாலும் இன்னோர் எண்ணும் கேட்கும். அந்த எண் உங்கள் போனில் இருக்கும் தனி ஆப் ஒன்றில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். போன் உங்கள் கையில் இருக்கும்வரை கணக்கும் உங்கள் கையில். ஆன் செய்ய ஐந்து நிமிடம் ஆகும்.

நான் ஏன் செய்யவில்லை? என் கணக்கில் அப்படி என்ன இருக்கிறது! மொட்டைமாடித் தொட்டிச் செடிகள். அயனம்பாக்கம் ஏரியில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. வாராவாரம் இந்தப் பத்தியின் லிங்க். இதைப் போய் யார் திருடுவார்கள்?

திருடனுக்கு என் கொக்கு வேண்டாம். என்னை நம்புகிற ஆட்களின் பட்டியல்தான் வேண்டியிருந்தது.

அன்று மாலைக்குள் என் கணக்கு திரும்பி வந்துவிட்டது. இமெயிலை அவன் மாற்ற மறந்திருந்தான். நான் பெருமூச்சு விட்டேன். எல்லோருக்கும் ஒரு பொது மன்னிப்புப் பதிவு போட்டேன். இரண்டு பேர் கண்ணீர் விடும் பொம்மை போட்டார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை போன்.

"மேடம், நான் பாபு பேசுறேன். தேவகி ஊட்டுக்காரு. கொஞ்சம் ஊட்டாண்ட வர முடியுமா? காலீலருந்து ஒண்ணும் துன்னாம அழுதுகினே கீது."

தேவகி கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். திருவேற்காட்டில், கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் வீடு. மூன்று வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்தாள். அப்போது பழக்கம். அவளுடைய அப்பா அடுத்தவர் வயலில் அறுப்புக்குப் போனவர். அந்த வயல்களில் இப்போது ஐந்து மாடி ஆறு மாடியாக ஃபிளாட் நிற்கிறது, அந்த ஃபிளாட்டுகளில் இருக்கும் பெண்களுக்கு இவள் மேக்கப் போடுகிறாள். கணவர் பாபு பூந்தமல்லிக்கும் கோயம்பேட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

அவளுக்குக் கடை கிடையாது. போர்டு கிடையாது. ஆறு வருடமாக அவள் நடத்தும் அந்த ஆன்லைன் பக்கம்தான் கடை, போர்டு எல்லாம். எண்ணூறு மணப்பெண்களுக்குக் குறையாமல் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போனபோது அவள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுவிக் கழுவி அழுத முகம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. போனை மட்டும் நீட்டினாள்.

"நீ அனுப்புனன்னு நெனச்சிகினு குடுத்துட்டேன்க்கா. வேற யாராச்சும் கேட்டிருந்தா குடுத்திருப்பனா? 'தேவகி மா'ன்னு போட்டுகீது பாரு. நீதான அப்படிக் கூப்புடுவ?"

படித்தேன். 'தேவகி மா.. ஒரு சின்ன உதவி..'

நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். இரண்டு புள்ளி வைத்துத்தான் எழுதுவேன். யாரோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, எங்களுடைய மூன்று வருடப் பேச்சைப் படித்துப் பார்த்து, நான் அவளை எப்படிக் கூப்பிடுவேன் என்று கற்றுக்கொண்டிருக்கிறான். போனது கணக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த 'மா'வும் போயிருந்தது.

அவளுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே புதிதாக ஏதோ முதலீட்டு விளம்பரம். கார் படம். அதற்குக் கீழே தேவகியின் பெண்கள் எப்போதும்போல் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். இமெயில் மாறியிருந்தது. போன் நம்பர் மாறியிருந்தது. கஷ்டப்பட்டு ஒரு வழியாக உள்ளே நுழையப் போனால், திரையில் ஒரு கேள்வி.

'உங்கள் ஆப்பில் தோன்றும் ஆறு இலக்க எண்ணை உள்ளிடவும்.'

"எந்த ஆப்புக்கா?" என்றாள் தேவகி.

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. தேவகி ஆறு வருடமாக ஆன் செய்யாமல் விட்டது. நான் மாதாமாதம் 'பிறகு' என்று தள்ளிப்போட்டது. அதை அவன் வந்த கையோடு ஆன் செய்திருக்கிறான். தன் போனில்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பூட்டின் அருமை எங்கள் இரண்டு பேரையும்விடத் திருடனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது!

பாபு வாசலில் நின்றபடி கேட்டார். "போனா போவுது மேடம். வேற ஒரு பேஜு ஓபன் பண்ணிக்கலாமே? மறுக்கா எல்லாரையும் சேத்துக்கலாம்."

தேவகி அவரைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "பேஜுக்காக அழுவலய்யா. உள்ள பொண்ணுங்க அனுப்புன போட்டோ கீதுல்ல? அத இன்னா பண்றது?"

அப்போதுதான் எனக்கு முழு விஷயமும் உறைத்தது.

மேக்கப்புக்கு முன்னால் பெண்கள் இவளுக்குத் தங்கள் போட்டோவை அனுப்புவார்கள். பவுடர்கூடப் போடாத முகம். பரு, தழும்பு, கருவளையம், அம்மைத் தடம். 'அக்கா இதை மறைக்க முடியுமா?' என்று கேட்டு. வேறு யாரிடமும் காட்டாததை எல்லாம் இவளுடைய இன்பாக்ஸில் போட்டு வைத்திருந்தார்கள். ஆறு வருடத்துப் போட்டோக்கள்.

"வர ஞாயித்துக்கெழம ஆவடில ஒரு கல்யாணம். பவித்ரான்னு பொண்ணு. கழுத்துல, தோள்பட்டைல எல்லாம் தீக்காயம். சின்ன வயசுல கொதிக்கிற எண்ண கொட்டிருச்சாம். அந்தப் பொண்ணு எல்லாத்தையும் எடுத்து அனுப்பிகீதுக்கா. என்ன நம்பி."

என்ன நம்பி. அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இருந்தாலும் குத்தியது.

ஆன்லைனில் போலீஸ் புகார் பதிவு செய்தோம். பிறகு அந்த ஆப்பின் உதவிப் பக்கத்தைத் தோண்டித் துருவி ஒரு வழியைக் கண்டுபிடித்தோம். செல்ஃபி வீடியோ. முகத்தை நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் உங்கள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, நீங்கள்தான் சொந்தக்காரர் என்று மெஷின் முடிவு செய்யும்.

"சூப்பர் தேவகி, இது ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். கால் மணி நேரம் கழித்து வந்தாள். ஃபவுண்டேஷன், கன்சீலர், லேசாக லிப்ஸ்டிக். நான் மூன்று வருடமாகப் பார்த்துப் பழகிய தேவகி. வீடியோ எடுத்து அனுப்பினோம்.

மறுநாள் காலை பதில் வந்தது. 'உங்களை உறுதி செய்ய முடியவில்லை.'

ஏன் முடியவில்லை? என் போனில் அவளுடைய பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். எண்ணூறு முகம். கோயில் கல்யாணம், மண்டபக் கல்யாணம், சர்ச் கல்யாணம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு... அவளுடைய முகம் எங்கேயும் கண்ணில் படவில்லை.

"ஏன் தேவகி, உன் போட்டோ ஒண்ணுகூட இல்லையே?"

அவள் மோவாயைத் தொட்டுக்கொண்டாள். முந்தின நாள் அழுத முகத்தில் நான் கவனித்திருந்தேன். கேட்கவில்லை. உதட்டோரத்திலிருந்து தாடை வரை வெண்புள்ளி. பழகிய மூன்று வருடத்தில் அவள் அதை எனக்குக் காட்டியதே இல்லை. அவ்வளவு நேர்த்தியாக மறைத்திருக்கிறாள்.

"தொத்திக்கும்னு நெனைக்கிறாங்கக்கா. இந்தக் கையாலதான பொண்ணு மூஞ்சத் தொடணும்?"

"அது ஒட்டவே ஒட்டாதே. டாக்டர் யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே."

"டாக்டரு சொல்றாருக்கா. பொண்ணோட பெரிம்மா சொல்லணுமே."



அன்று வியாழக்கிழமை. கல்யாணத்துக்கு மூன்று நாள். பவித்ராவிடம் சொல்வதா, வேண்டாமா?

பாபுவுக்குச் சந்தேகமே இல்லை. "சொல்லாத. கல்யாணம் முடியட்டும். இப்ப போயி சொன்னா அந்தப் பொண்ணு தூங்குமா? ஒண்ணும் ஆவாமகூடப் போவலாம்."

உண்மையைச் சொல்வதென்றால், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. காரணம் அவ்வளவு நல்ல காரணம் இல்லை. சொல்லப்போனால் நானும் கூடப் போக வேண்டியிருக்கும்.

தேவகி துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "அவனாண்ட அந்த போட்டோ கீதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. அது எப்படிக்கா நாயம்?"

பாபுவின் ஆட்டோவிலேயே ஆவடிக்குப் போனோம். பவித்ராவின் அப்பா தொழிற்சாலை ஊழியர். குவார்ட்டர்ஸில் வீடு. வாசலில் பந்தல் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். பவித்ராவின் அம்மா எங்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க, டிரையல் மேக்கப்புக்கா? நாளைக்குன்னுல்ல சொன்னீங்க?" என்று சிரித்தபடி உள்ளே கூப்பிட்டார். என்னை, பேப்பரில் எழுதுகிறவர் என்று பாபு அறிமுகப்படுத்தினார்.

தேவகி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பக்கம் போனது, எப்படிப் போனது, உள்ளே என்ன இருந்தது. எதையும் குறைக்கவில்லை. என் பெயரை மட்டும் விட்டுவிட்டாள்.

"தெரிஞ்சவங்க பேர்ல மெசேஜ் வந்துச்சு" என்றாள்.

நான் சொன்னேன். "அந்தத் தெரிஞ்சவங்க நான்தான்மா. என் கணக்கு முதல்ல போச்சு. என்னை நம்பித்தான் இவங்க குடுத்தாங்க."

பவித்ராவின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேப்பர்ல எல்லாம் எழுதுறவங்கன்னு சொல்றாங்க... படிச்சவங்க நீங்களே இப்படிச் செய்யலாமா? பத்து வருஷமா இந்தப் பொண்ணு காலர் வெச்ச சட்டைதாங்க போடுறா. சொந்தக்காரங்களுக்கே தெரியாது. அதை நீங்க யாரோ ஒருத்தன் கையில குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

இந்தப் பத்தியில் எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு வரி வரவில்லை.

பவித்ரா சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தேவகியைப் பார்த்துக் கேட்டாள்.

"அவன் அதைப் பாத்திருப்பானாக்கா?"

"தெர்லம்மா. பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"வெளிய போட்டிருக்கானா?"

"இதுவரைக்கும் இல்ல. பேஜுல இல்ல. அடிக்கடி பாத்துகினு கீறோம்."

"மாப்பிள்ளைக்குத் தெரியும்" என்றாள் பவித்ரா, யாரிடமும் இல்லாமல். "அவர்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன்."

அவள் அம்மா கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "நீங்க கிளம்புங்க. ஞாயித்துக்கிழமைக்கு நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்."

திரும்பி வரும் வழியில் பாபு ஒரு தடவைகூட 'நான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டானது.

அடுத்து மற்றவர்கள். தேவகியிடம் பழைய டைரிகள் இருந்தன. யார் யார் போட்டோ அனுப்பினார்கள் என்று ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தி வெள்ளிக்கிழமை முழுக்க போன் செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் பெயர்களை டிக் அடித்தேன். ஒரு பெண் திட்டினாள். ஒரு பெண், "போனா போகட்டும்க்கா, என் பருவைப் பாத்து பயந்துடப் போறான்" என்று சிரித்தாள். அடுத்த மாதத்துக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். நிறைய பேருக்கு விஷயமே புரியவில்லை. புரியவைத்தாள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து.

மதியம் போல் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, அவளாகச் சொன்னாள். "அக்கா, நம்ம ரெண்டு பேரும் எடுத்துக்கிட்ட செல்ஃபி இருக்குமே உங்க பேஜ்ல? அதை மட்டும் அழிச்சிடாதீங்க."

தேவகி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தேடினோம். நான்கு வருடத்துக்கு முந்தைய படம். திருமணம் முடிந்த கையோடு, மாலையும் கழுத்துமாக அந்தப் பெண் இவளைப் பிடித்து இழுத்து எடுத்திருக்கிறாள். மே மாதம். மண்டபத்தில் ஏசி இல்லை. காலை மூன்று மணியிலிருந்து வேலை செய்ததில் தேவகியின் முகத்தில் போட்டிருந்தது எல்லாம் வேர்வையில் கரைந்து போயிருந்தது. மணப்பெண் ஜொலிக்கிறாள். பக்கத்தில் தேவகி, உதட்டோரத்து வெள்ளையோடு, வாய்விட்டுச் சிரிக்கிறாள். பத்துப் படங்கள் ஒன்றாகக் கோத்துப் போட்ட பதிவில் ஒன்பதாவதாக இருந்ததால் என் கண்ணில் படவில்லை.

"அந்தப் பொண்ணு போட்டே ஆவணும்னு சொல்லிச்சு. எத்தினி தபா அழிக்கலாம்னு நெனச்சிருக்கேன் தெரியுமா? அதுக்குப் புடிச்ச போட்டோவாச்சேன்னு உட்டுட்டேன்."

மெஷினுக்குத் தெரிந்த தேவகி இவள் ஒருத்திதான். அப்படியென்றால்...

நான் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டாள். 

"இத கம்பெனில யாருக்கா பாப்பாங்க?"

"ஆள் யாரும் பார்க்கறதா தெரியல தேவகி. மெஷின்தான்."

"மெஷினுக்குப் பெரிம்மா கெடையாதுல்ல?"

"கிடையாது."

"அப்ப எடு."

குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வாசல் வெளிச்சத்தில் நின்றாள். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. நேராகப் பார்த்தாள். இடப்பக்கம் திரும்பினாள். வலப்பக்கம் திரும்பினாள். நான் பட்டனை அமுக்கினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதில் வந்தது. 'உறுதி செய்யப்பட்டது.' ஒரு லிங்க். அதைத் தட்டினால் திருடன் போட்ட பூட்டு கழன்றது. புது பாஸ்வேர்ட். உள்ளே போனதும் அவள் முதலில் இன்பாக்ஸுக்குத்தான் போனாள். பெண்கள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகுதான் அந்தக் கார் விளம்பரத்தை எடுத்தாள்.

மெஷின் எதை வைத்து ஒத்துக்கொண்டது? வேர்வை வழிந்த அந்த ஒரு படத்தை வைத்தா, அல்லது வேறு ஏதாவதா? யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவன் இன்பாக்ஸைப் படித்தானா? அதுவும் தெரியாது. இன்றைய தேதி வரைக்கும் எந்தப் படமும் வெளியே வரவில்லை. அதற்கு மேல் நான் எதையும் சொல்ல முடியாது.

டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆன் செய்தோம். எத்தனை நிமிடம்? நான்கு. ஐந்துகூட ஆகவில்லை. போன் தொலைந்தால் உள்ளே வருவதற்கென்று சில எண்களைக் கொடுக்கிறார்கள், பேக்கப் கோட் என்று பெயர். அதைப் போனிலேயே வைத்துக்கொண்டால் பிரயோஜனம் இல்லையே? தேவகி ஒரு தாளில் எழுதி, பாபுவின் ஆட்டோ ஆர்.சி. புத்தகத்துக்குள் செருகினாள்.

"ஆட்டோவே தொலஞ்சிட்டா?" என்றார் பாபு.

"ஆட்டோ தொலஞ்சா பேஜப் பத்தி யாரு கவலப்படப் போறா?"

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பூட்டு மந்திரம் கிடையாது. அந்த இரண்டாவது எண்ணையும் தூக்கி யாரிடமாவது கொடுத்தால், அதுவும் திறந்துவிடும். பூட்டு அதன் வேலையைத்தான் செய்யும். நம் வாயைப் பூட்டாது.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஆவடியிலிருந்து போன். பவித்ரா.

"நாளைக்குக் காலைல நாலு மணிக்கு வந்துருங்கக்கா. அம்மாகிட்ட நான் பேசிட்டேன்."

தேவகி கேட்டாள். "வேற ஆளுன்னு சொன்னாங்களேம்மா..."

"வேற ஆளா இருந்தா என் வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பாங்களா? நீங்க வாங்க. கழுத்தை நல்லா மறைச்சு விட்டுருங்க. ஆனா இனிமே போட்டோ எல்லாம் அனுப்ப மாட்டேன். நேர்லயே பாத்துக்கங்க."

தேவகி போனாள். மறைத்தாள். கல்யாணம் நன்றாக நடந்தது. பவித்ராவின் அம்மா சாப்பிடச் சொன்னாராம். சிரிக்கவில்லையாம். 'அதுவே பெருசு' என்றாள் தேவகி. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. நியாயம்தானே?

அடுத்த வாரம் தேவகியின் பக்கத்தில் ஒரு புதுப் படம் வந்தது. அவளே. மேக்கப் இல்லாமல், வாசல் வெளிச்சத்தில். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. இருநூறு பேருக்குமேல் வந்து 'தைரியம்', 'அழகு', 'இன்ஸ்பிரேஷன்' என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. போன் செய்து சொன்னேன்.

"அட நீ வேறக்கா! மறுக்கா போச்சுன்னா மெஷினுக்கு அடையாளம் தெரியணுமில்ல? அதுக்குப் போட்டேன்."

அந்தப் படம் வந்த பிறகு சொல்லி வைத்திருந்த கல்யாணம் ஏதாவது கைவிட்டுப் போனதா என்று கேட்டேன். ஒன்று போனதாம். இரண்டு புதிதாக வந்ததாம். படத்தை அவள் எடுக்கவில்லை.

போன வாரம் எனக்குத் திருவேற்காட்டுப் பக்கம் ஒரு வேலை. கிளம்பும் முன் அவளுக்கு மெசேஜ் போட்டேன். 'தேவகி மா.. பதினோரு மணிக்கு வீட்ல இருப்பியா..'

நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்து போன் அடித்தது.

"அக்கா, மெசேஜ் போட்டியா?"

"ஆமா, நான்தான்."

"நீதானா?"

"நான்தான்மா. குரல் தெரியலையா?"

"தெரியுது தெரியுது. அன்னிக்கு என்ன டாக்டராண்ட போயிருந்த, சொல்லு?"

"பல் டாக்டர்."

"சரி வா. டீ போட்டு வெக்கிறேன்."

டீ நன்றாகவே இருந்தது. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், எப்போதும்போலச் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகும் நான் எந்த மெசேஜ் போட்டாலும் அவள் அதற்கு எழுத்தில் பதில் போடுவதில்லை. கூப்பிட்டுக் கேட்கிறாள், ஒவ்வொரு முறையும்.

கோபமெல்லாம் இல்லை... செக் பண்ணுகிறாள், அவ்வளவுதான்.